சேவையகங்களில் காலமுறைக் குறுநிரல்களின் இடைவிட்ட பிழைகள்: கண்டறிதலும் களைதலும் – தமிழ்த் தரவகத் தொகுப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குறித்த நேரத்தில் தாமாகவே இயங்குமாறு சேவையகங்களில் அமைக்கப்படும் குறுநிரல்கள், இன்றைய மொழி ஆய்வுகளுக்கான தரவுகளைத் திரட்டித் தரும் முதன்மைக் கருவிகளாக உள்ளன. இவை முற்றிலும் நின்றுபோனால் ஆய்வாளர் உடனே அறிந்துகொள்வார். விட்டு விட்டுத் தவறும்போது தரவில் தோன்றும் இடைவெளிகளோ எவர் கண்ணிலும் படாமல் ஆய்வு முடிவுகளுக்குள் புகுந்துவிடுகின்றன. இத்தகைய பிழைகளின் இயல்பு, காரணங்கள், கண்டறியும் படிநிலைகள், திருத்தியபின் சரிபார்க்கும் அளவுகோல் ஆகியவற்றை இக்கட்டுரை லினக்ஸ் இயங்குதளத்தின் கிரான் என்னும் காலமுறை இயக்கியை அடிப்படையாகக் கொண்டு விளக்குகிறது. தமிழ் எழுத்துகளைக் கையாளும் நிரல்களுக்கே உரிய சில சிக்கல்களும் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காலமுறைக் குறுநிரல், கிரான், இடைவிட்ட பிழை, தரவகம், ஒருங்குறி, மேற்படிதல், பூட்டு

1. முன்னுரை

தமிழ் இணைய நாளிதழ்களின் செய்தித் தலைப்புகளைப் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை திரட்டிச் சேமிக்கும் குறுநிரல் ஒன்றை இக்கட்டுரையாளர் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக அமைத்திருந்தார். பல மாதத் தரவு சேர்ந்தபின், சொற்களின் நாள்வாரி வருகையைக் காட்டும் அட்டவணை உருவாக்கப்பட்டது. மக்களவைத் தேர்தல் வாக்குகள் எண்ணப்பட்ட 2024 ஜூன் 4 அன்று ‘வாக்கு’ என்னும் சொல்லின் வருகை அதற்கு முந்தைய வாரத்தைவிடக் குறைந்திருப்பதாக அவ்வட்டவணை காட்டியது. நாடு முழுவதும் வாக்கு எண்ணிக்கையைத் தவிர வேறெதுவும் பேசப்படாத ஒரு நாளில் இது நிகழ இயலாது. அன்றைய கோப்பைத் திறந்து பார்த்தபோது, வழக்கமான நாள்களில் இருப்பதைவிடக் குறைவான தலைப்புகளே அதில் இருந்தன. பிழைச் செய்தி ஒன்றும் வந்திருக்கவில்லை. குறுநிரலைக் கையால் இயக்கிப் பார்த்த ஒவ்வொரு முறையும் அது செம்மையாகவே இயங்கியது.

இங்கு ஆய்வாளரைக் காப்பாற்றியது முறையியல் அன்று, பொது அறிவே. ‘வாக்கு’ என்னும் சொல்லுக்கு நாம் எதிர்பார்ப்பது இன்னது என்று தெரிந்திருந்தது. எதிர்பார்ப்பு ஏதுமற்ற ஒரு வினைமுற்றுக்கோ இடைச்சொல்லுக்கோ இதே சரிவு தோன்றியிருந்தால், அது மொழிமாற்றத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டு ஆய்வேட்டில் இடம்பெற்றிருக்கும். எனவே இப்பிழைகளைக் கண்டறியும் முறையைத் தமிழாய்வாளரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது என்னும் கருத்தில் இக்கட்டுரை அமைகிறது.

2. காலமுறை இயக்கியின் இயல்பு

யூனிக்ஸ் இயங்குதளத்தின் 1979ஆம் ஆண்டுப் பதிப்பான ஏழாம் பதிப்பிலேயே கிரான் இடம்பெற்றிருந்தது. இன்று லினக்ஸ் சேவையகங்களில் பரவலாக வழங்கும் வடிவம், பால் விக்சி 1987இல் எழுதி வெளியிட்ட பதிப்பின் வழிவந்ததாகும். இதன் பணி மிக எளியது. நிமிடத்திற்கு ஒருமுறை விழித்தெழுந்து, கிரான்டேப் என்னும் அட்டவணைக் கோப்பில் அந்நிமிடத்திற்குரிய கட்டளை உள்ளதா என நோக்கி, இருப்பின் அதனைத் தொடங்கிவைக்கும். அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், கிழமை என ஐந்து காலப் புலங்களும் அவற்றையடுத்துக் கட்டளையும் அமைந்திருக்கும்.

இவ்வியக்கி செய்யாதவை எவை என்பதை அறிதலே பிழைகாண்பவருக்கு முதற்பாடம். தான் தொடங்கிவைத்த பணி முடிந்ததா, வெற்றி பெற்றதா என்பதைக் கிரான் மதிப்பிடுவதில்லை. முந்தைய முறை தொடங்கிய அதே பணி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா எனவும் பார்ப்பதில்லை. சேவையகம் அணைந்திருந்த வேளையில் தவறிய பணியைப் பின்னர் ஈடுசெய்வதுமில்லை. அதன் பதிவேட்டில் காணப்படும் வரி, கட்டளை தொடங்கப்பட்டதற்கு மட்டுமே சான்று. ‘பதிவேட்டில் இருக்கிறது, ஆகவே பணி நடந்திருக்கிறது’ என்று கொள்வது பலர் செய்யும் முதல் தவறாகும்.

பணி வெளியிடும் செய்திகளைக் கிரான் மின்னஞ்சலாக உரியவருக்கு அனுப்பும். சேவையகத்தில் அஞ்சல் மென்பொருள் நிறுவப்படாதிருந்தால் அச்செய்திகள் கைவிடப்படும். டெபியன் வகை அமைப்புகளில், அஞ்சல் மென்பொருள் இல்லாமையால் வெளியீடு கைவிடப்பட்டது என்னும் ஒற்றை வரி மட்டும் பதிவேட்டில் எஞ்சும். அஞ்சல்கள் குவிவதைத் தவிர்க்கும்பொருட்டு எல்லா வெளியீட்டையும் டெவ்-நல் என்னும் வெற்றுக்கருவிக்குத் திருப்பிவிடும் வழக்கமும் உண்டு. இவ்விரு நிலைகளிலும் சான்று பிறந்த கணத்திலேயே அழிக்கப்படுகிறது.

3. இடைவிட்ட பிழையின் இயல்பு

டேன்டம் கணினி நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் கிரே 1985இல் எழுதிய அறிக்கையில், மென்பொருள் வழுக்களை இரு வகையாகப் பிரித்தார். ஒரே உள்ளீட்டுக்கு ஒவ்வொரு முறையும் ஒரேவிதமாகத் தவறுபவை ஒருவகை. அணுவின் உறுதியான அமைப்பை விளக்கிய நீல்ஸ் போரின் பெயரால் இவை போர்வழு எனப்பட்டன. மீண்டும் இயக்கும்போது மறைந்துவிடுபவை மற்றொரு வகை. உற்றுநோக்கலால் நோக்கப்படும் பொருளே மாறும் என்னும் கருத்தோடு இணைத்துப் பேசப்படும் ஹைசன்பெர்க்கின் பெயரால் இவை ஹைசன்வழு எனப்பட்டன.

காலமுறைக் குறுநிரல்களின் இடைவிட்ட பிழைகள் பெரும்பாலும் இரண்டாம் வகைத் தோற்றம் கொண்டவை. முறைக்காய்ச்சல் கண்டவர் மருத்துவரிடம் செல்லும் வேளையில் உடல் குளிர்ந்திருப்பது போல, ஆய்வாளர் சேவையகத்தில் நுழைந்து நோக்கும்போது நிரல் நலமாக இருக்கும். இதற்குத் தெளிவான காரணங்கள் உள்ளன. பயனரின் இல்ல அடைவு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், அவர் உள்நுழைந்திருக்கும்போது மட்டுமே அது திறந்திருக்கும். தொலைச் சேவையகத்திற்கான அடையாளத் திறவியை நினைவில் வைத்திருக்கும் துணைநிரலும் அவ்வாறே. ஆய்வாளர் பணியில் இருக்கும் பகலில் வெற்றியும், அவர் உறங்கும் இரவில் தோல்வியும் நிகழ்வது இதனால்தான். நோக்குபவரின் இருப்பே இங்கு மறைந்திருக்கும் மாறியாகிறது.

ஆகவே ‘சில வேளைகளில் தவறுகிறது’ என்னும் கூற்று ஒரு விளக்கம் ஆகாது. நிரலுக்கு நாம் அறியாத ஓர் உள்ளீடு உள்ளது என்பதே அதன் பொருள். நேரம், சூழல், தரவின் அளவு, உடனியங்கும் பிற பணிகள், புறச் சேவையகத்தின் நிலை ஆகியவை யாவும் உள்ளீடுகளே. அந்த மறை உள்ளீட்டைப் பெயரிட்டு வெளிக்கொணர்வதே பிழைகாணல் எனலாம்.

4. பிழைக் காரணங்கள்

4.1 இயங்குசூழல் வேறுபாடு

பயனர் உள்நுழையும்போது பல அமைவுக் கோப்புகள் படிக்கப்பட்டுச் சூழல் மாறிகள் நிரம்புகின்றன. கிரான் தொடங்கும் பணிக்கு இவை வாய்ப்பதில்லை. கட்டளைகளைத் தேடவேண்டிய அடைவுகளைக் குறிக்கும் பாத் என்னும் மாறி, கிரானில் மிகச் சுருங்கிய மதிப்பையே பெற்றிருக்கும். கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல் வேறாக இருத்தலும் உண்டு. உபுண்டு 2006இல் தன் இயல்பு ஷெல்லை டேஷ் என்பதாக மாற்றியது. பாஷ் ஷெல்லுக்கே உரிய தொடரமைப்புகளை அது ஏற்பதில்லை.

இவை எப்போதும் தவறும் பிழைகள் அல்லவா என்னும் ஐயம் எழலாம். நிரலின் எல்லாப் பகுதிகளும் நாள்தோறும் இயங்குவதில்லை. கோப்பு பெரிதாகும்போது மட்டும் அதனைச் சுருக்கும் கட்டளை ஒன்று பாத் மாறியில் இல்லாத அடைவில் இருக்குமானால், அந்தக் கிளை தொடப்படும் நாளில் மட்டுமே பிழை தோன்றும். நிலையான பிழை ஒன்று அரிதாகத் தொடப்படும் கிளையில் அமர்ந்து, இடைவிட்ட பிழையாக வேடமிடுகிறது.

4.2 மொழிச்சூழலும் தமிழ் எழுத்தும்

தமிழ்த் தரவைக் கையாள்வோர் தனித்து நோக்கவேண்டியது மொழிச்சூழல் அமைவாகும். கிரானின் வழி இயங்கும் பணிக்கு மொழிச்சூழல் அமையாத சேவையகங்களில், எழுத்துகள் அடிப்படை ஆங்கிலக் குறியாக்கத்தில் உள்ளனவாகவே கருதப்படும். 2018இல் வெளிவந்த பைத்தான் 3.7க்கு முற்பட்ட பதிப்புகள், இந்நிலையில் தமிழ் எழுத்தைத் திரைக்கோ பதிவேட்டிற்கோ வெளியிட முயன்றவுடன் குறியாக்கப் பிழையால் நின்றுவிடும். 3.7ஆம் பதிப்பு இந்நிலையை உணர்ந்து யுடிஎஃப்-8 குறியாக்கத்திற்கு மாறிக்கொள்கிறது. எனினும் பழைய பதிப்புகள் இயங்கும் சேவையகங்களில் இச்சிக்கல் நீங்கவில்லை. நிரல் வழக்கமாக எண்களை மட்டும் பதிவுசெய்து, எச்சரிக்கை ஏற்படும்போது மட்டும் செய்தித் தலைப்பைத் தமிழில் அச்சிடுமாயின், எச்சரிக்கை எழும் நாளில் மட்டும் அது நின்றுபோகும். பிழையை அறிவிக்க முனையும் வரியே பிழைக்குக் காரணமாகிறது.

எழுத்துகளை எண்ணும் பணியிலும் வேறுபாடு தோன்றும். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். ‘கி’ என்னும் உயிர்மெய், ககரக் குறியும் இகரத் துணைக்குறியுமாக இரு குறியீடுகளால் ஆனது; ஆகவே ஆறு பைட்டுகள். உரிய மொழிச்சூழலில் இரண்டு என எண்ணும் அதே கட்டளை, அடிப்படைச் சூழலில் ஆறு என எண்ணும். வரிசைப்படுத்தும் கட்டளையும் சூழலுக்கேற்ப வேறு வரிசையைத் தரக்கூடும். ஒரு கோப்பினை ஆய்வாளர் கையால் வரிசைப்படுத்தி, மற்றதைக் கிரான் வரிசைப்படுத்தியிருந்தால், இரண்டையும் ஒப்பிடும் கட்டளை வரிசை தவறியுள்ளது என முறையிடும்.

இன்னொன்று கண்ணுக்குப் புலப்படாதது. ‘கொ’ என்னும் எழுத்திலுள்ள ஒகரத் துணைக்குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றேபோல் தோன்றும். ஆனால் பைட்டு அளவில் ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். ‘கொடி’ என்னும் பெயருடைய கோப்பை ஒரு கணினி ஒருவகையிலும் மற்றொன்று வேறு வகையிலும் சேமித்திருந்தால், கோப்பு கண்முன் இருந்தும் ‘கோப்பு இல்லை’ என்னும் பிழை எழும். ஒகர, ஓகார, ஔகாரச் சொற்களில் மட்டும் இப்பிழை தோன்றுவதால் அதன் ஒழுங்கு எளிதில் பிடிபடுவதில்லை. உள்ளீட்டு வாயிலிலேயே எல்லாவற்றையும் ஒரே இயல்வடிவத்திற்கு மாற்றிக்கொள்ளுதல் இதற்குரிய தீர்வு.

4.3 காலக்கணக்கு

சேவையகங்கள் பலவற்றில் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் வைக்கப்பட்டிருக்கும். இந்திய நேரம் அதனினும் 5 மணி 30 நிமிடம் முந்தியது. எனவே நள்ளிரவு 12 மணி முதல் காலை 5.30 மணி வரை நமக்கு இன்றைய நாளாக இருப்பது, சேவையகத்திற்கு நேற்றைய நாளாகவே இருக்கும். நள்ளிரவு 12.10க்குத் திரட்டிய தரவு முந்தைய நாளின் கோப்பில் சேர்வது இதனால்தான். நள்ளிரவைக் கடந்து ஓடும் பணியில், தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் நாள் கேட்கப்பட்டால், ஒரே ஓட்டத்திற்கு இரு தேதிகள் கிடைக்கும். பணி விரைந்து முடியும் நாளில் பிழையில்லை. தாமதிக்கும் நாளில் மட்டும் பிழை. தேதியைத் தொடக்கத்தில் ஒரே முறை கணித்து ஒரு மாறியில் வைத்துக்கொள்வது இதனைத் தவிர்க்கும்.

கோடைக்கால நேரமாற்றம் கடைப்பிடிக்கும் நாட்டின் நேரப்படி சேவையகம் இயங்கினால் மற்றொரு சிக்கல் சேரும். அமெரிக்காவின் பெரும்பகுதியில் 2024 மார்ச் 10 அன்று அதிகாலை 2 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட நேரம் கடிகாரத்தில் இல்லை. நவம்பர் 3 அன்று 1 மணி முதல் 2 மணி வரையிலான நேரம் இருமுறை வந்தது. இத்தகைய வேளைகளைக் கையாள்வதில் கிரான் பதிப்புகள் தம்முள் வேறுபடுகின்றன.

அட்டவணையின் இலக்கணமும் ஏமாற்றக்கூடியது. நிமிடப் புலத்தில் */25 என எழுதினால் இருபத்தைந்து நிமிட இடைவெளி சீராக அமைவதில்லை. 0, 25, 50 ஆகிய நிமிடங்களில் இயங்கி, அடுத்த மணியின் 0ஆவது நிமிடத்தில் மீண்டும் தொடங்கும். கடைசி இடைவெளி பத்து நிமிடம் மட்டுமே. மாதத்தின் நாள், கிழமை ஆகிய இரு புலங்களும் நிரப்பப்பட்டால், இரண்டும் பொருந்தும்போது அன்று, ஏதேனும் ஒன்று பொருந்தினாலே பணி இயங்கும். ‘0 6 1 * 1’ என்னும் வரி, முதல் தேதி திங்களாக அமையும் நாளைக் குறிப்பதில்லை. ஒவ்வொரு முதல் தேதியையும் ஒவ்வொரு திங்களையும் குறிக்கிறது. கட்டளைக்குள் வரும் சதவீதக் குறியைக் கிரான் வரிமுறிப்பாகக் கொள்ளும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

4.4 மேற்படிதல்

முந்தைய ஓட்டம் முடியும்முன் அடுத்த ஓட்டம் தொடங்குவதே மேற்படிதல். முன்னுரையில் கூறிய நிகழ்வின் காரணம் இதுவே. வழக்கமான நாள்களில் குறுநிரல் பத்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். வாக்கு எண்ணிக்கை நாளில் செய்தித் தளங்கள் நெரிசலால் தாமதித்து விடையளித்தன, தலைப்புகளும் மிகுதி. ஓட்டம் பத்து நிமிடத்தைக் கடந்தது. அடுத்த ஓட்டம் அதே பெயருடைய தற்காலிகக் கோப்பை வெறுமையாக்கித் தன் பணியைத் தொடங்கியது. முதல் ஓட்டம் திரட்டியவை அழிந்தன. அதன்பின் எஞ்சியதை முதல் ஓட்டம் இடம்மாற்றிவிட, இரண்டாம் ஓட்டம் தன் கோப்பைக் காணாமல் நின்றது. கையால் இயக்கிச் சோதித்தபோது ஒரே ஓட்டம் மட்டுமே இருந்தமையால் குறை வெளிப்படவில்லை.

4.5 வளப் பற்றாக்குறை

நினைவகம் தீரும்போது லினக்ஸ் கருவம், தான் தேர்ந்தெடுக்கும் செயல்முறை ஒன்றை வலிந்து நிறுத்தும். நிறுத்தப்பட்ட நிரலுக்கு ஒரு சொல்லும் எழுத வாய்ப்பில்லை. சான்று கருவத்தின் பதிவேட்டில் மட்டும் கிடைக்கும். வட்டில் இடமிருந்தும் ‘இடமில்லை’ என்னும் பிழை எழுதலும் உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் தேவைப்படும் ஐநோடு என்னும் குறிப்பேட்டு இடங்கள் தீர்ந்திருக்கலாம். தலைப்பு ஒன்றுக்குக் கோப்பு ஒன்று எனச் சேமிக்கும் தரவகத் தொகுப்பில் இது நிகழ வாய்ப்பு மிகுதி.

4.6 புறச்சார்பு

பெயரைத் தள முகவரியாக மாற்றும் சேவை தாமதித்தல், தொலைச் சேவையகம் மறுத்தல், அனுமதிச் சான்று காலாவதியாதல் ஆகியவை புறக் காரணங்கள். முழு மணிக்கும் நள்ளிரவுக்கும் பணிகளை அமைப்பது உலகெங்கும் உள்ள பழக்கமாதலால், அவ்வேளைகளில் சேவையகங்கள் நெரிசலுக்குள்ளாகின்றன. 0ஆவது நிமிடத்தைத் தவிர்த்து 17, 43 போன்ற நிமிடங்களைத் தேர்வதே சில பிழைகளைத் தணிக்கும்.

5. கண்டறியும் படிநிலைகள்

காரணத்தை ஊகித்து உடனே திருத்த முனைவது பயன்தராது. மூன்று வினாக்களை வரிசையாகக் கேட்டல் வேண்டும்.

முதல் வினா: பணி தொடங்கியதா? இதற்கு விடை கிரானின் பதிவேட்டில் உள்ளது. தொடக்க வரி இல்லையேல், அட்டவணையின் இலக்கணம், நேர மண்டலம், சேவையகம் அணைந்திருந்தமை ஆகியவற்றை நோக்கவேண்டும். டெபியன் வகை அமைப்புகளில், நாள்வாரிப் பணிகளுக்கான அடைவில் இடப்படும் கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால் அது இயக்கப்படாது என்பதும் இங்கு நினையத்தக்கது.

இரண்டாம் வினா: பணி முடிந்ததா? குறுநிரலின் முதல் வரியிலும் இறுதி வரியிலும் நேரமுத்திரை எழுதச் செய்து, முடிவுக் குறியெண்ணையும் பதிதல் வேண்டும். இக்குறியெண் பேசும் தன்மையது. 127 எனில் கட்டளை கிடைக்கவில்லை. பாத் மாறியை நோக்கலாம். 126 எனில் கோப்பு உள்ளது, இயக்கும் உரிமை இல்லை. 137 எனில் செயல்முறை வலிந்து நிறுத்தப்பட்டது; 128உடன் 9ஆம் குறிகை சேர்ந்த எண் அது; நினைவகத்தை ஐயுறலாம். டைம்அவுட் கட்டளை விதித்த கால வரம்பு கடந்திருந்தால் 124 கிடைக்கும். கட்டளைகளைக் குழாய்வழி இணைக்கும்போது, இறுதிக் கட்டளையின் குறியெண் மட்டுமே இயல்பாகக் கிடைக்கும் என்பதை மறத்தலாகாது. தரவிறக்கம் தோற்றுப்போய், அதன் வெற்று வெளியீட்டை வரிசைப்படுத்தும் கட்டளை வென்றால், முழுத்தொடரும் வென்றதாகவே அறிவிக்கப்படும். பாஷ் ஷெல்லில் பைப்ஃபெயில் என்னும் விருப்பத்தை இயக்குவது இதற்கு மாற்று.

மூன்றாம் வினா: விளைவு சரியானதா? கோப்பு தோன்றியுள்ளது என்பது போதாது. வரிகளின் எண்ணிக்கை, கோப்பின் அளவு, உள்ளிருக்கும் தேதி ஆகியவை எதிர்பார்த்த எல்லைக்குள் உள்ளனவா எனச் சோதித்தல் வேண்டும். வாக்கு எண்ணிக்கை நாளின் பிழை முதலிரு வினாக்களோடு நின்றிருந்தால் வெளிப்பட்டிராது. அன்று பல ஓட்டங்கள் முறையாகத் தொடங்கி, 0 என்னும் வெற்றிக் குறியெண்ணோடு முடிந்தும் இருந்தன.

விடைகள் சேர்ந்தபின், தவறிய ஓட்டங்களையும் வென்ற ஓட்டங்களையும் ஒரே அட்டவணையில் அடுக்கவேண்டும். மணி, கிழமை, ஓடிய கால அளவு, தரவின் பருமன், அவ்வேளையில் இயங்கிய பிற பணிகள் என்பன நிரல்களாக அமையலாம். தவறியவற்றை மட்டும் நோக்குவோர், வென்றவற்றிலும் அதே கூறு இருப்பதைக் காணத் தவறுவர். இவ்வட்டவணையில் தோல்வியோடு ஒட்டியே வரும் கூறு எதுவோ அதுவே முதல் ஐயத்திற்குரியது. கிரானின் சூழல் மாறிகளை ஒருமுறை கோப்பில் எழுதச் செய்து, வெறுமையாக்கிய ஷெல்லில் அவற்றை மட்டும் ஏற்றிக் குறுநிரலை இயக்கினால், சூழல் சார்ந்த ஐயங்களைக் கையாலேயே தீர்த்துக்கொள்ளலாம்.

6. திருத்தமும் சரிபார்ப்பும்

மேற்படிதலைத் தடுக்க எஃப்லாக் என்னும் பூட்டுக் கட்டளை உதவும். பூட்டைப் பெற்ற ஓட்டம் மட்டுமே இயங்கும். செயல்முறை எவ்வாறு இறந்தாலும் கருவமே பூட்டை விடுவித்துவிடும். ஆதலால், செயல்முறை எண்ணைக் கோப்பில் எழுதிவைக்கும் பழைய முறையில் நேரும் கைவிடப்பட்ட பூட்டுகள் இதில் எஞ்சுவதில்லை. ஆயினும் பூட்டு மட்டும் தீர்வாகாது. நெரிசல் நாளில் பிந்தைய ஓட்டங்கள் தவிர்க்கப்படுவதால், கோப்பு சிதையாமல் காக்கப்படும். தரவு குறைவது நிற்காது. எனவே ஒவ்வொரு நாளிதழுக்கும் தனிப் பணியும் தனிப் பூட்டும் அமைத்து, ஒன்றின் தாமதம் மற்றவற்றைத் தாக்காதவாறு செய்தலும், ஒவ்வொரு தரவிறக்கத்திற்கும் கால வரம்பு விதித்தலும், தவிர்க்கப்பட்ட ஓட்டத்தைப் பதிவேட்டில் குறித்தலும் தேவையாயின.

தரவைத் தனிப்பெயருடைய தற்காலிகக் கோப்பில் எழுதி, முழுமையுற்றபின் உரிய பெயருக்கு மாற்றுவது நன்று. ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர்மாற்றம் பிளவுபடாத ஒரே செயலாக நடைபெறுவதால், படிப்பவர் அரைகுறைக் கோப்பை ஒருபோதும் காணமாட்டார். ஒரே பணியை இருமுறை இயக்கினாலும் விளைவு மாறாதவாறு நிரலை எழுதினால், தவறிய ஓட்டத்தை அச்சமின்றி மீண்டும் இயக்கலாம். புறச் சேவையகம் மறுக்கும்போது இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டி மறுமுயற்சி செய்தல் ஏற்புடையது. ஆனால் ஒவ்வொரு மறுமுயற்சியையும் பதிவுசெய்யவேண்டும். பதிவற்ற மறுமுயற்சி நோயை மறைக்கும் வலிநீக்கி போன்றது.

அணைந்திருந்த வேளைப் பணிகளை ஈடுசெய்ய அனக்ரான் உள்ளது. சிஸ்டம்டி நேரமானிகளிலும் இதற்கான அமைவு உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, எச்சரிக்கையின் திசையை மாற்றவேண்டும். பிழை நேர்ந்தால் அறிவி என்பது, பிழை நேர்ந்தபின்னும் நிரல் பேசும் நிலையில் இருக்கும் என நம்புவதாகும். ஒவ்வொரு வெற்றியும் வேறொரு கணினிக்கு அறிவிக்கப்பட்டு, உரிய நேரத்தில் அறிவிப்பு வராதபோது அக்கணினி எச்சரிப்பதே உறுதியான முறை.

திருத்தம் பலித்ததா என்பதை எத்தனை நாள் நோக்கி முடிவுசெய்வது? இருபது ஓட்டங்களுக்கு ஒன்று எனத் தற்செயலாகத் தவறும் நாள்வாரிப் பணியைக் கொள்வோம். எந்தத் திருத்தமும் செய்யாமலே அது தொடர்ந்து பத்து நாள் வெல்லும் வாய்ப்பு 0.95இன் பத்தாம் அடுக்கு. அதாவது ஏறத்தாழ 60 விழுக்காடு. பத்து நாள் அமைதி ஒன்றையும் மெய்ப்பிக்கவில்லை என்பது இதனால் தெளிவு. அவ்வாய்ப்பு 5 விழுக்காட்டிற்குக் கீழ் இறங்க 59 தொடர் வெற்றிகள் தேவை. ஏறத்தாழ இரண்டு மாதம். தோல்வி தற்செயலானதாக இன்றி நெரிசலைச் சார்ந்ததாயின் இக்கணக்கும் போதாது. அமைதியான நாள்களின் வெற்றிகள் எத்தனையாயினும் நெரிசல் நாளைப் பற்றி எதுவும் கூறா. அங்குக் காரணத்தையே செயற்கையாக உண்டாக்கவேண்டும். தரவிறக்கப் பகுதியில் பத்து நிமிடத்திற்கு மேற்பட்ட காத்திருப்பை வேண்டுமென்றே செருகியபோது, பழைய நிரல் ஒவ்வொரு முறையும் சிதைந்தது. திருத்திய நிரல் சிதையவில்லை. இடைவிட்ட பிழை விரும்பியபோது நிகழும் பிழையாக மாறிய அக்கணமே அது கண்டறியப்பட்ட கணம்.

7. தரவு இடைவெளியும் ஆய்வு நேர்மையும்

நாள்வாரிப் பணியொன்று இருபதில் ஒன்று தவறினால் ஆண்டுக்குப் பதினெட்டு நாள்கள் தரவில் இரா. அவை தற்செயலாகச் சிதறியிருந்தால் ஆய்வின் துல்லியம் சற்றுக் குறையும், திசை மாறாது. ஆனால் மேலே விளக்கிய காரணங்கள் பலவும் தற்செயலானவை அல்ல. நினைவகமும் நேரமும் தீர்வது தரவு மிகும் நாளில். புறச் சேவையகம் தாமதிப்பது மக்கள் திரளும் நாளில். தேர்தல், புயல், தலைவர் மறைவு, பெருவிழா என மொழி மிகுதியாகப் புழங்கும் நாள்களையே இப்பிழை தேர்ந்தெடுத்து நீக்குகிறது. அதன்பின் எஞ்சுவது தமிழின் வழக்கம் அன்று. தமிழின் அமைதியான நாள்களின் வழக்கம் மட்டுமே.

எனவே காலமுறையில் திரட்டப்பட்ட தரவகத்தில், திரட்டப்படாத நாளும் திரட்டியும் சொல் கிடைக்காத நாளும் வெவ்வேறு குறிகளால் பிரித்துக் காட்டப்படவேண்டும். முன்னதைச் சுழியம் என எழுதுவது பிழை, அது வெற்றிடம். ஓட்டங்களின் பதிவேடு தரவகத்தின் ஓர் உறுப்பாகவே பாதுகாக்கப்பட்டு, எத்தனை ஓட்டங்கள் திட்டமிடப்பட்டன, எத்தனை முழுமையுற்றன என்பது ஆய்வேட்டில் குறிக்கப்படவேண்டும். சுவடிப் பதிப்பாசிரியர்கள் ஏடு சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டிய நெறி இங்கும் பொருந்துவதே. இல்லாத பகுதியை உள்ளதுபோல் காட்டாமையே அந்நெறியின் அடிப்படை.

முடிவுரை

காலமுறைக் குறுநிரல்களின் இடைவிட்ட பிழைகள், பெயரிடப்படாத உள்ளீடு ஒன்றால் நிகழ்பவை. இயங்குசூழல், மொழிச்சூழல், காலக்கணக்கு, மேற்படிதல், வளப் பற்றாக்குறை, புறச்சார்பு ஆகிய ஆறும் அவ்வுள்ளீடு மறைந்திருக்கும் முதன்மை இடங்கள். தொடங்கியதா, முடிந்ததா, விளைவு சரியா என்னும் மூன்று வினாக்களும், வெற்றி தோல்விகளை ஒருங்கே அடுக்கும் அட்டவணையும் அதனை வெளிக்கொணரும். காரணத்தைச் செயற்கையாக உண்டாக்கிச் சோதிக்கும்வரை எந்தத் திருத்தமும் முற்றுப்பெற்றதாகக் கொள்ளத்தக்கதன்று. வாக்கு எண்ணிக்கை நாளில் இழந்த தலைப்புகளை இனி மீட்க இயலாது; அந்நாள் தரவகத்தில் வெற்றிடம் எனக் குறிக்கப்பட்டுள்ளது. அக்குறி இருக்கும்வரை, அதன்மேல் எழும் எந்த முடிவும் தன் எல்லையைத் தானே அறிந்திருக்கும்.